நான் போகும்போது மட்டும் வராத ஷார்ட்

எங்கள் சர்வீஸ் சென்டருக்கு எரிந்த பெட்டி ஒன்று வந்தால், அதைத் திறக்கும் முன்பே எல்லோர் வாயிலும் வரும் சொல் ‘வெளி ஷார்ட்’. பெட்டியில் குறையில்லை, அதோடு சேர்த்த மோட்டாரிலோ கேபிளிலோதான் குறை என்று பொருள். அப்படி முடிவானால் வாரண்டி செல்லாது. தர்மபுரியில் இந்த வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில், எதையெல்லாம் நம்பக் கூடாது என்ற பட்டியல் எனக்குத் தானாகவே மனப்பாடமாகிவிட்டது. ஒன்று, விவசாயி சொல்வது. இரண்டு, உள்ளூர் எலக்ட்ரீஷியன் சொல்வது. மூன்று, போர்வெல்லுக்குள் இறங்கிப் போன கேபிள். நான்காவதாகப் பெட்டியையும் நானே சேர்த்துக்கொண்டேன். அதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி என்று நான் சொல்வது சோலார் பம்பின் இன்வெர்ட்டரை. பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சாரத்தை, போர்வெல் மோட்டார் ஓடுவதற்கான மூன்று ஃபேஸ் மின்சாரமாக அது மாற்றித் தரும். உள்ளே ஆறு மின்னணு சுவிட்சுகள் இருக்கின்றன. அவை ஓயாமல் ஆன் ஆகி ஆஃப் ஆவதில்தான் மோட்டார் சுற்றுகிறது. வெளியே எங்காவது ஷார்ட் ஆனால் இந்த சுவிட்சுகள் கண் இமைக்கும் நேரம்கூடத் தாங்காது. ஃப்யூஸ் உருகுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் காவல் சர்க்யூட் வைத்திருப்பார்கள்.

அதற்குச் சந்தேகப்படுவது மட்டும்தான் வேலை. சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும்போது அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில் வோல்டேஜ் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஏறினால், தாங்க முடியாத கரண்ட் உள்ளே பாய்கிறது என்று அர்த்தம். காவல் சர்க்யூட் உடனே சுவிட்சை ஆஃப் செய்துவிடும். இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. ஆன் ஆகத் தொடங்கும் முதல் கணத்தில் ஒழுங்கான சுவிட்சிலும் வோல்டேஜ் அதிகமாகத்தான் இருக்கும். எந்தத் தப்பும் செய்யாத சுவிட்சும் அந்தக் கணத்தில் குற்றவாளி மாதிரியே தெரியும். ஆகவே கொஞ்சம் பொறுத்திருந்து பார்க்கும்படி அதை அமைத்திருப்பார்கள். எவ்வளவு பொறுப்பது என்பதை, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கண்டென்சர் தீர்மானிக்கிறது. பொறுமை குறைந்தால் வீண் சந்தேகத்தில் மோட்டார் அடிக்கடி நிற்கும். பொறுமை கூடினால், கண்டுபிடிக்கும்போது சுவிட்ச் எரிந்து போயிருக்கும்.

மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த பெட்டி எரிந்து போன வகை. திறந்ததும் கருகல் வாசனை அடித்தது. ஆறு சுவிட்சுகளில் இரண்டு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தன. எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். “வெளி ஷார்ட்டு. போய் மோட்டாரை மெக்கர் போட்டுட்டு வா. லோன் பெட்டி ஒண்ணு எடுத்துட்டுப் போ, ஆனா திரும்பி வரும்னு சொல்லியே மாட்டு” என்றார். லோன் பெட்டி என்பது, விசாரணை முடியும்வரை விவசாயிக்கு இரவலாகத் தரும் இன்வெர்ட்டர்.

அலுவலக வழக்கப்படி முந்தின நாளே போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும் என்று குரலை வைத்து நினைத்தேன், நேரில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவார். தக்காளித் தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டி முடித்திருந்தார்கள், பிஞ்சு பிடித்திருந்தது. சொட்டு நீர்க் குழாய்கள் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்தன.

மோட்டார் ரூமுக்கு நடக்கும்போதே அவர் எனக்கு வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட்டார். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது போர்வெல்லும் மோட்டாரும் பொதுவில் நின்றன. மின்வாரிய இணைப்பு தம்பி பங்குக்குப் போனது. அண்ணன், அதாவது இவர் கணவர், சோலார் போட்டுக்கொண்டார். ஒரு நாள் தம்பியின் முறை, மறுநாள் இவர்கள் முறை. சுவரில் ஒரு மாற்றுச் சுவிட்ச் இருந்தது. கைப்பிடியை மேலே தள்ளினால் மோட்டார் மின்வாரிய கரண்டில் ஓடும், கீழே இழுத்தால் சோலாரில்.

“இந்தப் பெட்டி இல்லீன்னா அவங்கிட்டப் போயி கரண்டு குடுப்பான்னு நிக்கோணும்” என்றார். “நாங்க பேசிக்கறதில்லீங்க.”

“எவ்வளவு நாளா பேசறதில்ல?”

“பாகம் பிரிச்சதுலேர்ந்து. அவன் மொறையில நல்லா ஓடுது மேடம். எம்மொறையில மட்டும் எரியுது. நீங்களே ரோசன பண்ணிக்கோங்க.”

அவருடைய கொழுந்தனார், அதாவது அந்தத் தம்பி, கொஞ்சம் தள்ளி வரப்பில் செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தார். செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாத மாதிரியே காட்டிக்கொண்டார். ஆனால் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் என்னைப் பார்க்க வசதியான இடத்திலேயே இருந்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத்தான் அதிகம் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மெக்கர் என்பது கேபிளிலும் மோட்டாரிலும் எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் கருவி. மூன்று ஒயருக்கும் தரைக்கும் பார்த்தேன். சுத்தம். மீட்டரில் ஒயருக்கு ஒயர் பார்த்தேன். மூன்றும் சமம். மாற்றுச் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவரில் இருந்த பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். தூசி, ஒரு குளவிக்கூடு, வேறெதுவும் இல்லை. லோன் பெட்டியை மாட்டி ஓட்டினேன். தண்ணீர் வந்தது. நான் கிளம்பும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“மோட்டாரோட வேற ஏதாவது சேர்த்திருக்கீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார். அந்த பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. அப்போது அதை நான் அவருடைய அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே போன் வந்தது. பெட்டி எரியவில்லை, ஆனால் ஸ்டார்ட் செய்ததும் நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. விளக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது ஷார்ட் சர்க்யூட்டுக்கான எண்ணிக்கை. மறுநாள் வருவதாகச் சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்தபடியே, “நாளைக்கிக் காத்தால கம்பெனிக்கார மேடம் வர்றாங்களாம்” என்று யாரிடமோ உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்து ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் ஓடியது.

“இப்ப ஓடுது பாருங்க” என்று வரப்பிலிருந்து கொழுந்தனார் சொன்னார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. “மேடத்தப் பாத்தா பயந்துக்குது போல.”

“பயப்படற பெட்டி இல்லண்ணா” என்றேன்.

“அப்ப எங்க அண்ணியப் பாத்தா பயந்துக்குது.”

அண்ணி அவர் பக்கம் திரும்பாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சில பேரு மூஞ்சியப் பாத்தா மிஷினுக்கே புடிக்கறதில்லீங்க மேடம்.”

லோன் பெட்டிக்குள் ஒரு நினைவகம் உண்டு. எப்போது நின்றது, எதனால் நின்றது என்று அது பதிந்து வைக்கும். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில், ஸ்டார்ட் செய்த அதே நொடியில், ஷார்ட். ஓட ஓட நடுவில் நின்றதே இல்லை. பழுதான கேபிள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஈரத்துக்கு ஒரு நாளும் சூட்டுக்கு ஒரு நாளும் இடம் மாறும். யாரோ நினைத்துச் செய்கிற காரியம்தான் இப்படி முறை வைத்து வரும்.

ஸ்டார்ட்டர் பெட்டியை இன்னொரு முறை திறந்தேன். இந்தத் தடவை எதையும் தொடாமல் முதலில் பார்த்தேன். பெட்டிக்குள் எல்லா இடத்திலும் செம்மண் தூசி. கீழ்த்தட்டில் மட்டும் வட்டமாக இரண்டு இடங்கள் துடைத்த மாதிரிச் சுத்தமாக இருந்தன. மோட்டாருக்குப் போகும் மூன்று திருகாணிகளும் துருவில்லாமல் பளிச்சென்றிருந்தன. மற்றத் திருகாணிகள் அப்படி இல்லை.

“இதுக்குள்ள ஏதாச்சும் இருந்துச்சாக்கா?”

அவர் தக்காளிப் பக்கம் பார்த்தார். கொழுந்தனார் மலைப் பக்கம் பார்த்தார். பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் பேசினார்கள், கன்னடத்தில். அந்த வீட்டில் அதுதான் வீட்டுப் பேச்சு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது எங்கே என்று அண்ணி கேட்டார். எடுத்து வைத்தாயிற்று, சும்மா இருங்கள் என்று கொழுந்தனார் சொன்னார். அவ்வளவுதான். உடனே இருவரும் பழையபடி தமிழுக்கும் கோபத்துக்கும் திரும்பிவிட்டார்கள்.

முதல் வேலையில் இருந்தபோது பெங்களூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். எனக்கு அந்த அளவு கன்னடம் புரியும். முகத்தில் எதையும் காட்டாமல் லேப்டாப்பை மூடினேன்.

பஸ்ஸில் பாலக்கோடு தாண்டும்வரை வரிசையாக யோசித்துக்கொண்டு வந்தேன். நான் வரும்போது எடுக்கப்படுகிறது, போனதும் மாட்டப்படுகிறது. வட்ட அடிப்பாகம் கொண்டது, இரண்டு உருப்படி. மூன்று ஒயரிலும் சேர்வது. வெளியாளிடம் சொல்லக் கூடாதது. சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கும் அளவுக்குப் பொதுவானது. இவ்வளவும் பொருந்துகிற பொருள் ஒன்றுதான் என் நினைவுக்கு வந்தது: டூ ஃபேஸ் கண்டென்சர்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் இரண்டு ஃபேஸ்தான் இருக்கும். இரண்டு ஃபேஸில் மூன்று ஃபேஸ் மோட்டார் கிளம்பாது. கிளம்ப வைக்கப் பெரிய கண்டென்சர்களை மோட்டார் ஒயரில் சேர்த்துக்கொள்வார்கள். அது கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்ற பயமும் உண்டு. அதனால் பையும் அடையாள அட்டையுமாக யார் வந்தாலும், முதலில் கண்டென்சர் கழன்றுவிடும்.

மின்வாரிய கரண்டுக்கு அது வெறும் உதவி. இன்வெர்ட்டருக்கு அது ஷார்ட்டேதான். இன்வெர்ட்டர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் அந்தக் கண்டென்சர் வாயைப் பிளந்து கரண்டை இழுக்கும். ஆனால் மீட்டருக்கும் மெக்கருக்கும் அது ஷார்ட்டாகத் தெரியாது. மாட்டியே இருந்தாலும் நான் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அதாவது மேலாளர் சொன்னது சரி. வெளி ஷார்ட்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அதே கண்டென்சரோடு லோன் பெட்டி சில காலைகளில் ஸ்டார்ட் ஆகி, ஷார்ட்டைக் கண்டு, ஒழுங்காக நின்றிருக்கிறது. ஒன்றும் எரியவில்லை. முதல் பெட்டி ஏன் நிற்காமல் எரிந்தது?

எரிந்த பெட்டியின் சர்க்யூட் போர்டை மறுபடி மேசையில் போட்டேன். காவல் சர்க்யூட்டுகளின் அரிசி மணிக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். எரிந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தவை மட்டுமல்ல, எரியாத பக்கம் இருந்தவையும் சர்க்யூட் படத்தில் உள்ளதைவிடப் பெரியவை. அந்தப் பெட்டிக்குப் பொறுமை அதிகம். தொழிற்சாலையிலேயே தவறான உருப்படியைப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

மேலாளரிடம் சொன்னேன்.

“எரிஞ்ச போர்டும்மா அது. சூட்டுல எது மாறலேன்னு நீ சொல்லு.”

“எரியாத பக்கமும் அப்படித்தான் சார் இருக்கு.”

“வெளியில கண்டென்சர் போட்டிருக்காங்கன்னு நீயே சொல்ற. அதுக்கு மேல என்ன வேணும்? நீ போனா ஓடுது, வந்தா நிக்குது. அந்த ஊட்டு ஆளுங்கதான் ஷார்ட்டு. லோன் பெட்டியக் கழட்டி எடுத்துட்டு வா.”

அவர் மோசமான மனிதர் அல்ல. ஆனால் எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. இதே மாதிரி எரிந்து வந்த பெட்டிகள் எத்தனை, எத்தனை தடவை நாங்கள் ‘வெளி ஷார்ட்’ என்று முடித்திருக்கிறோம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். அந்தக் கேள்வி மேசைமேல் வருவதை அவர் விரும்பவில்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

லோன் பெட்டியைக் கழற்றிவிட்டால் அந்தத் தக்காளி அவ்வளவுதான். கொழுந்தனாரிடம் கரண்ட் கேட்டு நிற்பதற்குப் பதிலாக அந்த அம்மா செடியைக் காயவிடுவார் என்றுதான் எனக்குப் பட்டது.

மூன்றாவது முறை நான் போன் செய்யவில்லை. அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனேன். ஆட்டோவில் தக்காளி அடுக்கிய கிரேட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் எந்த வீட்டுக்கு என்று கேட்டதற்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். அன்று அண்ணியின் முறை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

யாரையும் கூப்பிடாமல் நேராக மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். இருந்தது. கறுப்பு உருளைகள் இரண்டு, சைக்கிள் ட்யூப் ரப்பரால் ஒன்றாகக் கட்டி, பளிச்சென்ற அந்தத் திருகாணிகளில் மாட்டியிருந்தது.

முதலில் ஓடி வந்தது அண்ணி. அவருக்குப் பின்னால் கொழுந்தனார், லுங்கியை மடித்துக் கட்டியபடி.

“என்னங்க மேடம், போன் பண்ணாம வந்துட்டீங்க” என்றார் அண்ணி. வரவேற்பு மாதிரி இல்லை.

“போன் பண்ணா இது இருக்காதேக்கா.”

 கொழுந்தனார்தான் தொடங்கினார். “நீங்க ஈபி ஆளுங்களா?”

“இல்ல.”

“ஈபிக்கிச் சொல்லுவீங்களா?”

“எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லண்ணா. இந்தப் பெட்டியத்தான் பார்க்க வந்தேன்.”

“ஐடி கார்டு போட்டிருந்தீங்களே?”

“கம்பெனி கார்டு.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க” என்றார். ஒவ்வொரு தடவை அண்ணி போனில் பேசுவது கேட்டதும் கண்டென்சரைக் கழற்றி மாட்டுத் தீவன மூட்டைக்குள் வைத்துவிடுவாராம். அதை அவர் சொல்லவில்லை. அண்ணி சொன்னார், ஏதோ புகார் கொடுப்பது மாதிரி.

“ஒங்களுக்கும் தெரியுமாக்கா?”

“தெரியும். இந்த வருசந்தான் மாட்டினான். கரண்டுக்காரங்க வந்து லைன வெட்டிட்டா போருக்கும்தானே கெட்ட பேரு. போரு ரெண்டு பேருதும்தானே. அது அவன் கரண்டுக்குன்னு நெனச்சேன். எம்பெட்டிக்கும் அதுக்கும் என்னங்க?”

இதுதான் அவர்கள் இருவரும் செய்த தவறு. மாற்றுச் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டால், மேலே இருப்பது எல்லாம் அந்தப் பக்கம், கீழே இருப்பது எல்லாம் இந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நிலத்தை அப்படித்தான் பிரித்திருந்தார்கள். ஆனால் கண்டென்சர் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில், பொதுவில் இருந்தது. யார் முறை என்று அதற்குத் தெரியாது.

இருவருக்கும் ஒயரைக் காட்டி விளக்கினேன். கொழுந்தனார் கேட்டுவிட்டு, “அப்ப நாந்தான் எரிச்சேங்கிறீங்களா?” என்றார்.

“பாதி. மீதிப் பாதிய நிரூபிக்கத்தான் வந்திருக்கேன். அதுக்கு இந்தக் கண்டென்சர் மாட்டினபடியே இருக்கணும். எங்க மேலாளர் வீடியோ கால்ல பார்க்கணும். முதல் பெட்டியிலயே கோளாறுன்னா அக்காவுக்கு வாரண்டி உண்டு. இல்லன்னா இதையும் இன்னைக்கே கழட்டி எடுத்துட்டுப் போகணும்.”

“அப்ப எடுத்துட்டுப் போறதுக்குத்தான் வந்திருக்கீங்க” என்றார் அண்ணி.

“ஆமாக்கா.”

அவர் லோன் பெட்டியைக் கையால் காட்டினார். “இதுவும் எரிஞ்சுபோச்சுன்னா?”

“எரிஞ்சா நான் சொல்றது தப்புன்னு ஆகும். என் வேலைக்கும் ஆபத்துதான்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருக்கு நம்பிக்கை தந்தது என்று நினைக்கிறேன். தலையை ஆட்டினார். கொழுந்தனார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் தன் முகம் வரக் கூடாது என்றார். சரி என்றேன். குரலும் வரக் கூடாது என்றார்.

“அதுக்கு நீங்கதாண்ணா பேசாம இருக்கணும்.”

“அதுதான் அவனால முடியாதே” என்றார் அண்ணி.

கொழுந்தனார் சுவரைச் சுற்றிப் பார்த்தார். மின்வாரிய இணைப்பு எண்ணைப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஆணியில் மாட்டி, அந்த எண்ணை மறைத்தார். அது காற்றில் விலகியது. ஒரு முனையைக் கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றார். கடைசிவரை அப்படியே நின்றார்.

கையடக்க ஸ்கோப்பை மாட்டினேன். கரண்ட் ஏறுவதையும் பெட்டி அதை வெட்டுவதையும் அதில் கோடாகப் பார்க்கலாம். மேலாளரைக் கூப்பிட்டு, மாட்டியிருந்த கண்டென்சரையும் ஸ்கோப்பையும் காட்டினேன். போனை அண்ணி பிடித்துக்கொண்டார். 

கைப்பிடியைக் கீழே இழுத்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன்.

சத்தமே இல்லை. மோட்டார் அசையவில்லை. சிவப்பு விளக்கு வந்தது. ஸ்கோப்பில் கரண்ட் சுவர் மாதிரி நேராக ஏறி, உச்சியில் கத்தியால் நறுக்கியது போல நின்றிருந்தது. பெட்டியை மோந்து பார்த்தேன். எந்த வாசனையும் இல்லை. ஃபால்ட்டை ரீசெட் செய்து இன்னொரு முறை அழுத்தினேன். அதே கோடு.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, கண்டென்சரைக் கழற்றி, அதில் தங்கியிருந்த மின்சாரத்தை வடியவிட்டுத் தரையில் வைத்தேன். ஸ்டார்ட் செய்தேன். மோட்டார் ஓடியது. குழாயில் முதலில் காற்றும் பிறகு செம்மண் தண்ணீரும் வந்தன.

“பார்த்தீங்களா சார்? அதே கண்டென்சர், அதே மோட்டார். இந்தப் பெட்டி வெட்டிடுது. முதல் பெட்டி வெட்டல. வெளியில ஷார்ட் இருந்தது நிஜம். அதைப் பிடிக்கிறதுக்குத்தான் உள்ள சர்க்யூட் வெச்சிருக்கோம். பிடிக்கல.”

நறுக்கிய அந்தக் கோட்டை மறுபடி காட்டச் சொன்னார் மேலாளர். ஸ்கோப்பில் சேமித்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன்.

“ஏம்மா, யாரு அது துண்டப் புடிச்சிக்கிட்டு?” என்றார் மேலாளர்.

“சொந்தக்காரங்க சார்.”

“சரி. எரிஞ்ச போர்ட சேலத்துக்கு அனுப்பு, இந்தப் படத்தையும் சேத்து. பதில் வர்ற வரைக்கும் பெட்டி அங்கியே இருக்கட்டும்.”

போனை வாங்கிக்கொண்டு, பெட்டியை எடுத்துப் போகவில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. பதில் எத்தனை நாளில் வரும், எழுத்தில் தருவார்களா, நடுவில் வேறு யாராவது கழற்ற வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள்.

கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “எம்மொறையில இது இல்லாம ஓடாதுங்களே மேடம். நீங்களே எடம் மாத்திக் குடுத்துடுங்க.”

“நான் அதைத் தொட மாட்டேண்ணா. சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவுல அது இருக்கவே கூடாது. அவ்வளவுதான் சொல்வேன்.”

அவர் மாற்றுச் சுவிட்சின் மேல்பக்கத்தை, மின்வாரிய ஒயர் வந்து சேரும் இடத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் பையைக் கட்டத் தொடங்கினேன்.

எங்கள் அறிக்கையில் ‘மோட்டார் முனைகளில் கண்டென்சர்’ என்று எழுதினேன். அது யாருடையது, எதற்கு என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை, நானும் இடம் தேடவில்லை. சேலத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து, அதே பேட்ச்சில் தயாரான வேறு எரிந்த போர்டுகள் இருந்தால் அனுப்பும்படி கேட்டார்கள். அனுப்பினோம். என்ன கண்டார்கள் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு வாரண்டியில் புதுப்பெட்டி வந்தது, காரணம் எதுவும் குறிப்பிடாமல்.

புதுப்பெட்டியை மாட்டப் போனபோது போன் செய்துவிட்டே போனேன். தக்காளி சிவக்கத் தொடங்கியிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று அண்ணியுடையது, மற்றது கொழுந்தனாருடையது. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. இரண்டு வீட்டிலிருந்தும் சாவி வந்து சேர்ந்த பிறகுதான் திறந்தார்கள். நான் வேலை செய்யும்போது ஆளுக்கொரு பக்கம் நின்று என் கையையும் அடுத்தவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாட்டும் முன் போர்டைத் திறந்து அந்தச் சின்னக் கண்டென்சர்களை அளந்தேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை. மதிப்பு சரியாக இருந்தது.

“இது எரியாதுங்கள்ல?” என்றார் அண்ணி.

“இப்போதைக்கு எல்லாம் சரியா இருக்குக்கா” என்றேன்.

அவர் கொழுந்தனாரைப் பார்த்தார். கொழுந்தனார் பெட்டியைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அவரவர் பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.